பன்னிரண்டு வயதுக் கணினியில் கேம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்பத்தூரில் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். பிளஸ் ஒன் முடித்திருந்த அக்கா மகன், அக்கா இலை போடுவதற்குள் என் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போனான்.

"மாமா, இத ஒரு தடவ பாருங்க. வேலரன்ட்ல நாலு பேரு ஒண்ணா வந்தாலே படம் அப்படியே நின்னுடுது. நான் செத்ததுக்கப்புறம்தான் அவன் சுட்டதே தெரியுது."

வேலரன்ட் என்பது அணி பிரிந்து சுட்டுக்கொள்ளும் ஓர் ஆன்லைன் கேம். அத்தானும் பின்னாலேயே வந்து நின்றார். "புதுசு வாங்கினா அறுபதாயிரம் ஆகுமாம். வாங்கித்தான் ஆகணுமா, நீ சொல்லு" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. செய்ததை எல்லாம் பையன் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வந்தான். கீழே உள்ள எண்கள் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை. இந்த வயதுள்ள கணினிகள் நம் வீடுகளில் எத்தனையோ கிடக்கின்றன. "இது ஓல்டு மாடல் சார், ஒண்ணும் பண்ண முடியாது" என்ற ஒரு வார்த்தையில் அவை பழைய சாமான் கடைக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கணினி எது, குறை என்ன

2013-ல் அத்தான் டாலியில் கணக்கெழுதுவதற்காக அசெம்பிள் செய்து வாங்கியது. ப்ராசஸர் இன்டெல் கோர் ஐ5-3470. 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை, நான்கு கோர் (தனித்தனியாகக் கணக்குப் போடும் அலகு), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை). எச்61 மதர்போர்டு. 4 ஜிபி டிடிஆர்3 ராம், அதுவும் ஒரே ஸ்டிக். 500 ஜிபி ஹார்ட்டிஸ்க். எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ், கேபினெட்டோடு சேர்ந்து வந்தது. 18.5 அங்குல மானிட்டர், 1366×768, பின்னால் பழைய அனலாக் வகையான விஜிஏ இணைப்பு மட்டும். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் எச்டி 2500 கிராபிக்ஸில்தான் பையன் ஆடிக்கொண்டிருந்தான். விண்டோஸ் 10.

அவனுக்கு ஆசை இரண்டு. நண்பர்களோடு வேலரன்ட் ஆடவேண்டும். ஜிடிஏ 5-ஐக் கதைப்பகுதி முழுக்க ஒருமுறையாவது முடிக்கவேண்டும்.

ஜிடிஏ 5 பெயரைக் கேட்டதும் எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. 2015 ஏப்ரலில் அந்த கேம் கணினிக்கு வந்தபோது, "நன்றாக ஓட இது இருந்தால் நல்லது" என்று அதை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் கொடுத்த பட்டியலில் இருந்த இன்டெல் ப்ராசஸர் இதே ஐ5-3470. கூடவே 8 ஜிபி ராம், 2 ஜிபி நினைவகமுள்ள ஜிடிஎக்ஸ் 660 கார்டு. அத்தானிடம் அதைச் சொன்னேன். "மூளை நல்லாத்தான் இருக்கு. கையும் காலும்தான் பாக்கி." அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு மாதம் பொறுக்க ஒப்புக்கொண்டார்.

கை வைக்கும் முன் அளவு

"கேம் ஸ்லோவா இருக்கு" என்று ஒருவர் சொன்னால், அது பத்து விதமான நோய்க்கு ஒரே அறிகுறி. காய்ச்சல் மாதிரி. எங்கே அடைத்திருக்கிறது என்று பார்க்காமல் காசு செலவழிப்பவர்கள்தான் கடைசியில் "பழைய சிஸ்டத்துல என்ன போட்டாலும் வேலைக்காகாது" என்று கைவிடுகிறார்கள்.

திரையில் தெரியும் ஒவ்வொரு படத்தையும், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமையும் உருவாக்கச் சில வேலைகள் வரிசையாக நடக்கவேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள், தோட்டா எங்கே போகிறது என்று ப்ராசஸர் கணக்குப் போடும். அதை கிராபிக்ஸ் படமாக வரையும். இரண்டுக்கும் வேண்டிய தரவு ராமில் இருக்கவேண்டும். ராமில் இல்லையென்றால் டிஸ்க்கிலிருந்து வரவேண்டும். வினாடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லி வினாடிதான் அவகாசம். இந்த வரிசையில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற நிரலில் வெப்பமும் ப்ராசஸர் வேகமும் பார்த்தோம். ஆஃப்டர்பர்னரும் ரிவாட்யூனரும் ஆடும்போதே மூலையில் எண்களைக் காட்டின. கேப்ஃப்ரேம்எக்ஸ் ஃப்ரேம் நேரங்களைப் பதிந்து வைத்தது. நான்கும் இலவசம். சராசரி எஃப்பிஎஸ்ஸோடு, அதாவது வினாடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதோடு நிறுத்தாமல், மிக மெதுவாக வந்த ஒரு சதவீத ஃப்ரேம்களின் எஃப்பிஎஸ்ஸையும் தனியாக எழுதச் சொன்னேன். சராசரி 60 என்று காட்டும் கேமிலும் எதிரி எதிரே வரும் அந்த அரை வினாடியில் படம் உறைந்தால், ஆடுபவனுக்கு அந்த 60-ஆல் ஒரு பயனும் இல்லை.

ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் வேலரன்ட் பயிற்சித் தளத்தில் ஒரே பாதையில் மூன்று ஓட்டம்.

முதல் நாள் கணக்கு இது. பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து பிரவுசர் திறக்கும்வரை 3 நிமிடம் 40 வினாடி. வேலரன்ட் சராசரி 27 எஃப்பிஎஸ், ஒரு சதவீதக் கணக்கு 6. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் சிவந்து கிடந்தது. ஜிடிஏ 5-ன் உள்ளேயே இருக்கும் சோதனை ஓட்டத்தை முடிக்கவே முடியவில்லை. இவை எல்லாவற்றையும்விட என்னைத் திடுக்கிடவைத்தது ப்ராசஸர் வெப்பம்: 103 டிகிரி. ஐ5-3470-க்கு உச்ச வரம்பு 105. அங்கே போனதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 3.4 கிகாஹெர்ட்ஸில் ஓடவேண்டியது ஆட்டத்தின் நடுவில் 1.6-க்கு விழுந்துகொண்டிருந்தது. பையன் சொன்ன "படம் நின்னுடுது" அதுதான்.

தூசியும் ஒரு கழன்ற முளையும்

அன்றைக்கே கேபினெட்டைத் திறந்தோம். அதற்கு முன்னால் அத்தானின் டாலி கோப்புறையை இரண்டு பென்டிரைவில் எடுத்துவைத்தோம். இதைச் செய்யாமல் யாருடைய கணினியிலும் நான் ஸ்க்ரூ டிரைவர் வைப்பதில்லை. பிறகு பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து வினாடி அழுத்தி மீதமிருந்த மின்சாரத்தையும் வடியவிட்டோம்.

மூடியைக் கழற்றியதும் வந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது: காய்ந்த பஞ்சும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. தொழிற்பேட்டைப் பக்கத்து வீடு என்பதால் தூசியோடு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, ப்ராசஸரின் சூட்டை வாங்கி வெளியே விடும் ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி மாதிரி படிந்திருந்தது. மாடியில் வைத்து ப்ளோயரால் ஊதினோம். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். காற்றில் தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸை வெளியிலிருந்து ஊதியதோடு சரி, திறக்கவில்லை. அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் பிளக் பிடுங்கிய பிறகும் அடிக்கும்.

ஊதி முடித்துக் குனிந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. இன்டெல் ப்ராசஸரோடு வரும் அந்த வட்டமான ஹீட்சிங்க்கை மதர்போர்டில் நான்கு பிளாஸ்டிக் முளைகள்தான் பிடித்திருக்கும். இதில் ஒன்று ஓட்டையிலிருந்து எழும்பி நின்றது. கட்டைவிரலால் அமுக்கினால் ஹீட்சிங்க் ஒரு பக்கம் லேசாக ஆடியது. முழுதாகக் கழற்றிப் பார்த்தால், ப்ராசஸரின் ஒரு பாதியில் சூடு கடத்தும் பேஸ்ட் சுண்ணாம்பு மாதிரி காய்ந்து உதிர்ந்தது; மறு பாதியில் ஹீட்சிங்க் தொட்ட தடமே இல்லை. எத்தனை வருடமாக அப்படி ஓடிக்கொண்டிருந்ததோ.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் பழையதைத் துடைத்து, நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு புது பேஸ்ட் வைத்தோம். முளைகளைத் திரும்பப் பொருத்தும்போது பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். முளையின் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது காட்டும் திசையில் திருப்பினால் விடுபடும், எதிர்த்திசையில் திருப்பிவைத்து அழுத்தினால் பிடிக்கும். அடுத்தடுத்து அழுத்தாமல் எதிரெதிர் மூலைகளாக அழுத்தவேண்டும். நான்கிலும் 'க்ளிக்' கேட்கவேண்டும். பிறகு போர்டின் அடிப்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும். நான்கு நுனியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால்தான் சரி. கடைசி முளையைப் பையன்தான் அழுத்தினான். சத்தம் கேட்டதும் அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

கேபினெட்டை மேசையின் மூடிய மரப்பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். அதே ஓட்டத்தில் ப்ராசஸர் 71 டிகிரி. வேகம் 3.4-ஐ விட்டு இறங்கவேயில்லை. சராசரி 27-லிருந்து 30-க்குத்தான் ஏறியது. ஆனால் ஒரு சதவீதக் கணக்கு 6-லிருந்து 14. செலவு 350 ரூபாய்.

"மாமா, மூணு எஃப்பிஎஸ்தான் கூடியிருக்கு, ஆனா வேற கேம் மாதிரி இருக்கு" என்றான். ஒரு சதவீதக் கணக்கு எதற்கு என்று அதற்குமேல் நான் விளக்கவேண்டியிருக்கவில்லை.

ராம்: ஒரு வாரம் வீணான கதை

4 ஜிபியில் விண்டோஸுக்கே பாதிக்கு மேல் போய்விடுகிறது. உள் கிராபிக்ஸும் தன் பங்கை அதே ராமிலிருந்துதான் எடுக்கும். மிச்சத்தில் கேம் அடங்காமல், தரவு டிஸ்க்குக்கும் ராமுக்கும் போய்வந்துகொண்டிருந்தது. அளவு குறைவு என்பது ஒன்று. ஒரே ஸ்டிக் என்பது இன்னொன்று. டிடிஆர்3-1600 ஒரு சேனலில், அதாவது தரவு போகும் ஒரு பாதையில், வினாடிக்கு 12.8 ஜிபி கடத்தும். இரண்டு ஸ்டிக் போட்டால் இரண்டு சேனலும் திறந்து 25.6 ஆகும். எச்61 போர்டில் இரண்டு ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி வரை தாங்கும். பழைய 8 ஜிபி ஸ்டிக் இரண்டு வாங்க முடிவு செய்தோம்.

இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் சொல்லி வைத்தாற்போல் மலிவாகக் கிடைத்தது. வந்ததைப் போட்டால் திரை கறுப்பு, பீப் சத்தம் மட்டும். தங்க முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் போட்டேன், ஸ்லாட் மாற்றிப் போட்டேன், ஒவ்வொன்றாகப் போட்டேன். பாதி நாள் போனபிறகுதான் ஸ்டிக்கரை உற்றுப் பார்த்தேன். பொடி எழுத்தில் 'ஏஎம்டி மட்டும்'. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் கணினிகளுக்கு மட்டும் என்று அர்த்தம். நான்கு பிட் அகலச் சில்லுகளை வைத்துச் செய்த ராம் இது. சில பழைய ஏஎம்டி போர்டுகள் ஏற்கும். அந்தக் காலத்து இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸரின் நினைவகக் கன்ட்ரோலருக்கு எட்டு, பதினாறு பிட் அகலம்தான் தெரியும். டிடிஆர்3 8 ஜிபி ஸ்டிக் எங்கேயாவது சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும். பணம் திரும்பி வந்துவிட்டது, ஒரு ஞாயிறு போனதுதான் போனது.

அடுத்த வாரம் சென்னையின் கணினிச் சாமான் சந்தையான ரிச்சி தெருவில், போட்டுப் பார்த்தே இரண்டு ஸ்டிக் வாங்கினோம், 1,600 ரூபாய். ராம் சோதனையை ஓட்டி, தவறு இல்லை என்று பார்த்தபிறகு அளந்தோம்: சராசரி 35, ஒரு சதவீதம் 19.

எஸ்எஸ்டி

ஹார்ட்டிஸ்க்கில் ஒரு முள் தட்டின்மேல் அங்கும் இங்கும் போய்த்தான் தரவை எடுக்கவேண்டும். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகள் என்றால் வினாடிக்கு நூறு, நூற்றைம்பது எடுப்பதே பெரிய காரியம். அசையும் பாகமே இல்லாமல் சில்லுகளில் தரவை வைக்கும் எஸ்எஸ்டி, சாதாரணமானதுகூட, ஆயிரக்கணக்கில் எடுக்கும். டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் சாட்டா, எச்61-ல் பழைய 3 ஜிகாபிட் வகை என்பதால், பெட்டியில் போட்டிருக்கும் 500, 550 எம்பி வேகம் வராது. எங்களுக்கு 270-க்குப் பக்கத்தில்தான் வந்தது. அதைக் காரணம் காட்டி "இந்த போர்டுக்கு எஸ்எஸ்டி வேஸ்ட்" என்று சொல்பவர்கள் உண்டு. கேளாதீர்கள். வீட்டுக் கணினியில் தெரியும் வித்தியாசம் அந்தச் சிதறிய கோப்புகளில்தான்.

480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 2,900 ரூபாய். ஜிடிஏ 5 மட்டுமே 100 ஜிபிக்கு மேல் பிடிப்பதால் அதைவிடச் சின்னது வேண்டாம் என்றேன். கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் போர்டின் அடிப்படை நிரலான பயாஸில், சாட்டா முறை பழைய 'ஐடிஇ' என்று இருந்தது. அதை 'ஏஎச்சிஐ' ஆக்கிவிட்டுத்தான் விண்டோஸைப் புதிதாக நிறுவினோம். பழைய விண்டோஸை வைத்துக்கொண்டே இதை மாற்றினால் நீலத் திரை வரும், கவனம்.

பிரவுசர் திறக்கும்வரை இப்போது 38 வினாடி. அக்கா பார்த்துவிட்டு, "இது நம்ம கம்ப்யூட்டர்தானா?" என்றாள். ஆனால் வேலரன்ட் சராசரியில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை, அதே 35. ஒரு சதவீதம் மட்டும் 22 ஆனது. எஸ்எஸ்டி போட்டால் எஃப்பிஎஸ் கூடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

காத்திருப்பு எல்லாம் டிஸ்க்கால்தான் என்றும் எண்ணிவிடக் கூடாது. ஜிடிஏ 5-ன் இணையவழிப் பகுதியான ஜிடிஏ ஆன்லைனுக்குள் நுழைய ஆறு நிமிடம்வரை ஆகிறதே என்று பல வருடம் எல்லோரும் டிஸ்க்கையும் நெட்டையும் திட்டிக்கொண்டிருந்தார்கள். 2021-ல் நிறுவனத்துக்கு வெளியே இருந்த ஒரு நிரலர், கடைப்பொருள் பட்டியல் உள்ள ஒரு கோப்பை கேம் மிக மோசமான முறையில் வாசிப்பதால் ப்ராசஸரின் ஒரு கோர் மட்டும் அத்தனை நேரமும் திணறுகிறது என்று கண்டுபிடித்து, திருத்தியும் காட்டினார். காத்திருப்பு ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. ராக்ஸ்டார் அதை ஏற்றுக்கொண்டு, அடுத்த அப்டேட்டில் சேர்த்து, அவருக்குப் பரிசுப் பணமும் கொடுத்தது. காசு போட்டு எதையும் மாற்றாமல், எங்கே நேரம் போகிறது என்று பார்த்ததால் மட்டுமே கிடைத்த பலன் அது. இந்தக் கதையைப் பையனுக்குச் சொல்லும்போது எனக்கே ஒரு உற்சாகம் வந்தது.

கார்டுக்கு முன் எஸ்எம்பிஎஸ்

இங்கே யாரும் சிக்கனம் பார்க்கக் கூடாது. கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கொட்டை எழுத்தில் 450 வாட் என்றிருந்தது. பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் வரிசையைப் பார்த்தேன்: 14 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினான்கால் பெருக்கினால் 168 வாட். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டில்தான். ப்ராசஸருக்கு 77, கார்டுக்கு 75, ஃபேன், டிஸ்க், போர்டு எல்லாம் சேர்த்தால் 180-ஐத் தொடும். ஸ்டிக்கர் சொல்லும் 450-ஐ நம்பிக் கார்டைப் போட்டிருந்தால், ஏதோ ஒரு மே மாத மதியத்தில் எஸ்எம்பிஎஸ் தான் மட்டும் சாகாமல் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போயிருக்கும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 ப்ளஸ் சான்றுள்ள 450 வாட் ஒன்று வாங்கினோம், 3,100 ரூபாய். எஃப்பிஎஸ்ஸில் இதற்கு ஒரு வரியும் கிடையாது. ஆனாலும் மொத்தச் செலவில் எனக்கு மிகவும் நிம்மதி தந்தது இதுதான்.

ரிச்சி தெருவில் ஒரு மதியம்

கார்டைத் தேர்ந்தெடுக்க மானிட்டரிலிருந்து தொடங்கினேன். 1366×768 என்றால் சுமார் பத்தரை லட்சம் பிக்ஸல். 1920×1080-ல் இருப்பது இருபது லட்சத்துக்கும் மேல். வரையவேண்டிய வேலை பாதிதான். பெரிய கார்டு வாங்கினாலும் இந்தத் திரையில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

புதுக் கார்டுகளில் ஆர்எக்ஸ் 6400 மலிவு. ஆனால் அது மதர்போர்டோடு நான்கு பாதைகளில் மட்டும் பேசும். கார்டைச் செருகும் பிசிஐஇ இணைப்பின் வேகமான 4.0 தலைமுறை உள்ள புது போர்டில் அது போதும். எங்களுடையது போன்ற பழைய போர்டில் அந்த நான்கு பாதையும் குறுகிப்போய், நினைவகம் நிரம்பும் நேரமெல்லாம் திக்கும். பதினாறு பாதை பேசுகிற, தனி மின் இணைப்பு கேட்காத ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று முடிவு செய்தேன். 2016-ல் வந்தது, 4 ஜிபி, 75 வாட். பழையதுதான் கிடைக்கும்.

சென்ட்ரலில் இறங்கி நானும் பையனும் நடந்தே போனோம். முதலில் ஏறிய கடையில், "பாக்ஸ் பீஸ் தம்பி, ஒரு மாசம் வாரன்டி" என்று பளபளப்பாக ஒன்றை எடுத்து வைத்தார்கள். விலை மற்ற கடைகளைவிட ஆயிரம் குறைவு. திருப்பிப் பார்த்தேன். பின்னால் நீல நிற விஜிஏ போர்ட். பையன் சந்தோஷப்பட்டான், நம் மானிட்டருக்கு நேராகவே மாட்டிவிடலாமே என்று. எனக்கு அங்கேயே பொறி தட்டியது. 1050 டிஐயில் இருக்கும் பாஸ்கல் வகைச் சில்லில் அனலாக் வெளியீடே கிடையாது. கடையின் சோதனைக் கணினியில் போடச் சொல்லி, என் பென்டிரைவிலிருந்து, கார்டின் உள்விவரத்தைக் காட்டும் ஜிபியு-இசட் நிரலைத் திறந்தேன். பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று வந்து நின்றது. உள்ளே இருந்தது 2011-ல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐயின் சில்லு; மேலே பயாஸை மட்டும் மாற்றி எழுதியிருந்தார்கள். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

மூன்றாவது கடையில் அசல் கார்டு கிடைத்தது, 5,800 ரூபாய். கார்டை முழுப் பளுவில் சோதிக்கும் ஃபர்மார்க் நிரலில் இருபது நிமிடம் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றபோது அந்த அண்ணன் முகம் சுளிக்கவில்லை, எங்களுக்கு டீயும் சொன்னார். விஜிஏ மானிட்டருக்காக எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர் ஒன்று 350. வெறும் கேபிள் உதவாது. டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் சில்லு உள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும்.

கார்டைச் செருகும் முன் போர்டின் பயாஸைப் புதுப்பித்தோம். பழைய பயாஸோடு பிற்காலக் கார்டைப் போட்டுத் திரை வராமல் பயந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யுபிஎஸ்ஸில் வைத்துத்தான் செய்யவேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டு போச்சு.

வேலரன்ட் சராசரி 138. ஒரு சதவீதம் 74. பையன் நோட்டில் எழுதாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் எழுதினேன்.

இப்போது யார் காத்திருக்கிறார்?

ஜிடிஏ 5 சோதனை ஓட்டத்தில் சராசரி 71 வந்தது. ஆனால் ஒரு சதவீதம் 31. நகரத்துக்குள் வண்டி ஓட்டும்போது வெட்டி வெட்டிப் போனது. பையன் பழக்க தோஷத்தில் எல்லா அமைப்பையும் இருப்பதிலேயே குறைந்த தரமான 'நார்மல்' ஆக்கினான். சராசரி 74. மூன்றுதான் கூடியது, வெட்டு அப்படியே இருந்தது.

எண்களைப் பார்த்தோம். ப்ராசஸர் 98, 100 சதவீதம். கிராபிக்ஸ் கார்டு 55. அதாவது இப்போது காத்திருப்பது கார்டு, திணறுவது ப்ராசஸர். இந்த நிலையில் படத்தின் தரத்தைக் குறைத்தால் ஏற்கெனவே சும்மா இருப்பவருக்கு இன்னும் ஓய்வு கொடுத்ததாக ஆகும், அவ்வளவுதான். அதனால் நேர்மாறாகச் செய்தோம். டெக்ஸ்ச்சர், நிழலின் மென்மை, புல் என்று கார்டு சுமக்கும் அமைப்புகளை ஏற்றினோம். மக்கள் நெருக்கம், தூரத்துப் பொருள்களின் அளவு என்று ப்ராசஸர் சுமக்கும் அமைப்புகளைப் பாதியாக இறக்கினோம்.

அதோடு ரிவாட்யூனரில் 60 எஃப்பிஎஸ் வரம்பு வைத்தேன். "ஏன் மாமா குறைக்கிறீங்க?" என்று பதறினான். மானிட்டர் வினாடிக்கு 60 முறைதான் படம் மாற்றும். 71 உருவாக்கினாலும் பதினொன்று வீண். அந்தப் பதினொன்றுக்காக ப்ராசஸர் மூச்சு முட்ட ஓடி, தெருவில் புது வண்டிகளையும் கட்டடங்களையும் கொண்டுவரவேண்டிய நேரத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கிறது. வரம்பு வைத்ததும் ப்ராசஸர் பயன்பாடு 80-க்குப் பக்கத்தில் இறங்கியது. சராசரி 59, ஒரு சதவீதம் 48. ஃப்ரேம் நேர வரைபடம் ரம்பம் மாதிரி இருந்தது, ஒரு நூலைப் பிடித்த மாதிரி ஆனது. படமும் முன்னைவிட அழகு. வேலரன்ட்டில் மட்டும் வரம்பு வைக்கவில்லை. அதில் கை அசைவு உடனே தெரியவேண்டும் என்றான், சரிதான்.

விண்டோஸுக்குள் செய்தது கொஞ்சம்தான். தொடக்கத்தில் தானே திறக்கும் ஆறு நிரல்களை நிறுத்தினோம், பின்னணிப் பதிவை அணைத்தோம், பவர் திட்டத்தை உயர் செயல்திறனுக்கு மாற்றினோம். பையன் முன்பு போட்டிருந்த 'கேம் பூஸ்டர்' வகையறா எதையும் திரும்பப் போடவிடவில்லை. அவை ராமைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டுத் தாங்களே அதில் உட்கார்ந்துகொள்ளும்.

செலவும் மீதமும்

பேஸ்ட், ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கார்டு, கன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து 14,100 ரூபாய். பழைய ஹார்ட்டிஸ்க்கை எறியவில்லை. டாலி கணக்கின் நகல் இப்போது அதில் தினமும் ஏறுகிறது.

இந்தக் கணினிக்கு வரம்பும் உண்டு, அதையும் அவர்களிடம் மறைக்கவில்லை. ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இந்த ப்ராசஸரில் இல்லை. அது கட்டாயம் என்று கேட்கும் புதிய கேம்கள் திறக்கவே திறக்காது. 2025 மே மாதமே வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டு வரையும் ரே ட்ரேசிங் உள்ள கார்டைக் கட்டாயமாகக் கேட்கிறது, 1050 டிஐயில் அது கிடையாது.

அடுத்தது விண்டோஸ். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக, பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். குறுக்குவழியில் நிறுவலாம், ஆனால் விண்டோஸ் 11-ல் வேலரன்ட் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தையும், தொடக்கத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட்டையும் கேட்கும், இந்த போர்டில் டிபிஎம் இல்லை. விண்டோஸை விட்டு லினக்ஸ் இயங்குதளத்துக்குப் போனால் ஜிடிஏ 5 கதைப்பகுதி ஓடும், வேலரன்ட் ஓடாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்து, 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்பை எடுத்துக்கொண்டோம். அந்தத் தேதிக்குப் பிறகு வங்கி வேலையும் டாலியும் இதில் கூடாது என்று அத்தானிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் பையன் கேட்டான், இதே சாக்கெட்டில் உட்காரும் ஐ7-3770 பழையது கிடைக்கிறதே, எட்டு த்ரெட், வாங்கலாமா என்று. "எதுக்குடா?" என்றேன். பதில் சொல்லாமல் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். ஜிடிஏ 5-ல் மாலைநேரத்து நகர ஓட்டம், கோர் வாரியாக ப்ராசஸர் பயன்பாடு, கீழே ஃப்ரேம் நேரக் கோடு, அதில் மூன்று இடத்தில் மட்டும் சின்ன முட்டு. முட்டு வந்த வினாடியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் நான்கு கோரின் எண்ணையும் எழுதியிருந்தான்.

கடையில் விலை விசாரித்துக்கொண்டு இருக்கிறேன்.